முப்பது லைக் வந்தால் முப்பது பேர்தான் வாசித்தார்கள் என்று யார் சொன்னது?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது இது. நுண்கடன் எடுத்துச் சிக்கிக்கொண்ட பெண்களைப் பற்றி மாதக்கணக்கில் விசாரித்து, வீடு வீடாகப் போய்ப் பேசி, நீளமாக ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருக்கிறார். வந்தது முப்பது லைக், நாலு கொமெண்ட், அதிலும் மூன்று 'அருமை'. அதற்கு முந்தின கிழமை கொக்கட்டிச்சோலைத் தேர்ப் படம் ஒன்றைப் போனில் எடுத்துப் போட்டதற்கு ஆயிரத்துக்கு மேல். "அப்படியென்றால் என்ர எழுத்து யாருக்கும் தேவையில்லையா? இனிப் படம் மட்டும் போடவா? இல்லாட்டிக் காசு கட்டி பூஸ்ட் பண்ணினால் சரிவருமா?" என்று கேட்கிறார். இப்படி மனம் சோர்ந்து எழுதுவதையே விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

தங்கச்சி, அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஒருவர் வாசித்தாரா இல்லையா என்று லைக்குக்குத் தெரியாது. நாலு பேர் பார்க்க அவர் என்ன செய்யத் தயாராக இருக்கிறார் என்பது மட்டும்தான் அதில் பதிவாகிறது. தேர்ப் படத்துக்கு லைக் போடுவதால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை, சொல்லப்போனால் நானும் இந்த மண்தான், நானும் அந்தக் கோயில் வாசலில் நின்றவன்தான் என்று காட்டிக்கொள்ள அதைவிட லேசான வழி கிடையாது. கடன் கட்டுரைக்கு லைக் போடுவது அப்படி லேசான காரியமா?

உங்கள் கட்டுரையில் வருகிற பெண்களையே எடுத்துக்கொள்வோம். குழுக்கடன் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சில பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை, கிழமைக்கொரு நாள் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் கூட்டம், லோன் ஒபிசர் மோட்டார்சைக்கிளில் வந்து கட்டுக்காசை வாங்கிக்கொண்டு போவார், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் பங்கையும் சேர்த்துப் போட வேண்டும். இப்போது அந்தக் குழுவில் ஒருத்தி, பிள்ளைகள் படுத்த பிறகு, போனில் உங்கள் கட்டுரையை வாசிக்கிறாள். கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறாள், ஏனென்றால் அது அவளுடைய கதை. அவளுடைய பேஸ்புக் நட்பில் யார் யார் இருப்பார்கள்? அதே குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள், குழுத் தலைவி, மச்சாள்மார், கட்டாரில் வேலை செய்கிற புருஷன் (இந்தக் கடன் எடுத்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்), சிலவேளை அந்த ஒபிசரே இருப்பார். அவள் விரல் அந்தப் பொத்தானில் பட்டால் நானும் கடன்காரி என்று ஊருக்கே சொன்ன மாதிரி. ஆகவே போடமாட்டாள். பக்கத்தை மூடிவிட்டுப் படுத்துவிடுவாள். உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல வாசகி அவள்தான், உங்கள் கணக்கில் அவள் பூச்சியம்.

2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்தது. அந்த அளவுக்கு வீடு வீடாகப் புகுந்திருந்த ஒரு பிரச்சினை. அதைப் பற்றிய கட்டுரைக்கு முப்பது லைக்தான் என்றால் பிரச்சினை சின்னது என்றோ எழுத்து மோசம் என்றோ முடிவுகட்ட முடியாது. விஷயம் எவ்வளவுக்கு ஒருவருடைய வீட்டுக்குள் வருகிறதோ அவ்வளவுக்கு அவர் வெளியில் அமைதியாக இருப்பார். எங்கள் ஊர்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. எங்கள் பக்கம் கட்டுரை வாசிக்கிற பழக்கமுள்ளவர்களில் பெரும்பகுதி ஆசிரியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், தாதியர்கள், அதாவது அரச சம்பளக்காரர்கள். 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அரச உத்தியோகத்தர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வது அரச சேவை விதிகளின் தொகுப்பான தாபனக் கோவைக்கு முரணாகலாம், ஒழுக்காற்று நடவடிக்கை வரலாம் என்பது அதன் சாரம். அதை வாசித்த ஒரு கிராம சேவகர், மணல் ஏற்றுவதைப் பற்றியோ காணி பிடிப்பதைப் பற்றியோ நீங்கள் எழுதினதற்குக் கீழே பெயர் தெரிய நின்றுவிடுவாரா? பேஸ்புக்கில் பகிர்ந்தவற்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். இந்த நிலத்தில் பெயர் தெரிய ஒரு பொத்தானை அமத்துவதற்கு விலை இருக்கிறது. கொழும்பில் சமையல் குறிப்பு எழுதுகிறவருடைய கணக்கையும் உங்கள் கணக்கையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

சரி, வந்த ரியாக்ஷனையாவது நேராக வாசிக்கலாமா என்றால் அதுவும் கடினம். பேஸ்புக் 2009இல் லைக்கைக் கொண்டுவந்தது, 2016இல் இதயம், சிரிப்பு, ஆச்சரியம், கவலை, கோபம் என்று ஐந்து முகங்களைச் சேர்த்தது. முகம் கூடினால் அர்த்தம் தெளிவாகும் என்று நினைப்போம். 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராடத் தொடங்கினார்கள். அது பற்றி ஒரு பதிவு போடுகிறோம், கோபமுகம் குவிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் யார் மேல்? மாடுகளைச் சுட்டவர்கள் மேலா, பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் மேலா, பேச வராத அரசியல்வாதி மேலா, இல்லை எழுதின உங்கள் மேலா? நாலு கோபமும் ஒரே சிவப்பு முகம்தான். சிரிப்பு முகம் அதைவிட மோசம், பாதி நேரம் அது நக்கல். மரண அறிவித்தலுக்குக் கீழே லைக் போட்டவர் 'தெரிந்துகொண்டேன்' என்று சொல்கிறார், அவ்வளவுதான். ஆட்களை அறிந்தால்தான் முகத்தின் அர்த்தம் தெரியும், எண்ணைப் பார்த்தால் தெரியாது.

ஷெயாருக்கு வருவோம். லைக்கைவிட ஷெயார் கனமானது என்று எல்லோரும் சொல்வார்கள். கனம்தான், ஆனால் எதன் கனம் என்று பார்க்க வேண்டும். மார்கழி மழையில் 'உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன' என்று இரண்டு வரி போட்டுப் பாருங்கள். லைக் பெரிதாக வராது, ஷெயார் பறக்கும். படுவான்கரையில் அக்கா வீடு, தாழ்நிலத்தில் மாமி வீடு, வயலுக்குள் நிற்கிற தம்பி என்று ஒவ்வொருவரும் தன் ஆட்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஷெயார் பயனை அளக்கிறது, அது எனக்குப் பெரிய மதிப்பு. ஆனால் ஒரு நீண்ட கட்டுரையின் இணைப்பு ஷெயார் ஆவது பெரும்பாலும் தலைப்பின் வேலை. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட இணைப்புகளில் 59 சதவீதத்தை யாருமே திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், செய்தித் தளங்களின் வாசிப்பை அளக்கிற சார்ட்பீட் நிறுவனத்தின் தலைவர் டோனி ஹெய்ல், எவ்வளவு பகிரப்பட்டது என்பதற்கும் எவ்வளவு நேரம் வாசிக்கப்பட்டது என்பதற்கும் தொடர்பே காணவில்லை என்று எழுதினார். பகிர்கிறவர் 'இதை நான் ஆதரிக்கிறேன்' என்று தன் சுவரில் எழுதிக்கொள்கிறார். வாசித்தாரா என்பது தனிக் கேள்வி.

அப்போ திறந்தவர்களை எண்ணினால் சரிதானே என்று கேட்பீர்கள். உங்களுக்குச் சொந்தத் தளம் இருந்தால், வருகிறவர்களை எண்ணுகிற கூகுள் அனலிடிக்ஸ் கருவியைப் போட்டிருப்பீர்கள். அதன் பழைய வடிவம் 2023 ஜூலை வரைக்கும் ஓடியது. அதில் ஒருவர் உங்கள் கட்டுரைக்கு நேராக வந்து, இருபது நிமிடம் ஊன்றி வாசித்து, வேறு பக்கம் எதையும் தொடாமல் மூடிவிட்டுப் போனால், அவர் தங்கின நேரம் பூச்சியம் என்றே பதிவாகும். இரண்டாவது பக்கம் திறந்தால்தான் முதல் பக்கத்தின் நேரத்தை அதனால் கணக்குப் பார்க்க முடியும், அதுதான் காரணம். வந்தவர் பிடிக்காமல் ஓடிவிட்டார் என்கிற கணக்கில் அவரைச் சேர்த்துவிடும். எத்தனை பேர் தங்கள் மிக நல்ல வாசகர்களை இப்படித் தோல்விக் கணக்கில் எழுதிக்கொண்டு கவலைப்பட்டார்களோ. இப்போதைய வடிவம் பத்து விநாடிக்கு மேல் இருந்தாலே அதை ஈடுபாடுள்ள வருகை என்று எண்ணிக்கொள்ளும். பத்து விநாடியில் உங்கள் கட்டுரையின் தலைப்பையும் முதல் பந்தியின் பாதியையும் தாண்ட முடியாது. முன்னது நல்ல வாசகரைத் தொலைத்தது, பின்னது எட்டிப் பார்த்தவரையும் வாசகராக்குகிறது. கருவி எதை எண்ணுகிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அழவும் கூடாது, துள்ளவும் கூடாது.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதுதான் ஆட்களுக்குக் குறைவாகத் தெரிந்த விஷயம். ரியாக்ஷன் உங்கள் எழுத்தை அளப்பதோடு நிற்பதில்லை, அதை அடுத்து யாருக்குக் காட்டுவது என்றும் அதுவே தீர்மானிக்கிறது. 2017இலிருந்து பேஸ்புக் அந்தப் புது முகங்கள் ஒவ்வொன்றுக்கும் லைக்கைப் போல ஐந்து மடங்கு நிறை கொடுத்து வந்தது. பேஸ்புக்கில் வேலை செய்த பிரான்சிஸ் ஹோகன் வெளியில் கொண்டுவந்த உள் ஆவணங்களை வைத்து 2021இல் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதியது. கோபமுகம் குவிகிற பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் மலிந்திருப்பதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டு சொல்லி, 2020இல்தான் கோபத்தின் நிறையைப் பூச்சியமாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்கள் மாவட்டத்தில் தமிழரையும் முஸ்லிம்களையும் மூட்டிவிடுகிற பதிவுகள் எவ்வளவு தூரம் ஓடின என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவை ஓடினது உண்மை என்பதாலோ ஊர் அதை விரும்பினதாலோ மட்டும் அல்ல. தள்ளிவிட ஒரு கை இருந்தது.

கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் சேருவதும் இதில் உண்டு. 2006இல் மத்தேயு சால்கானிக், பீட்டர் டொட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள், கேட்க வந்தவர்கள் 14,000க்கு மேல். ஒரு பகுதியினருக்கு வெறும் பாடல் பட்டியல் மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். பாடல்கள் அதேதான், ஆனால் உலகத்துக்கு உலகம் அவற்றின் வரிசை மாறியது. மிக நல்ல பாடல் அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது மேலே வருவதும் அரிது, ஆனால் நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போயின. 2013இல் இன்னொரு ஆய்வு, ஒரு செய்தித் திரட்டித் தளத்தில் வந்த கருத்துகளுக்கு, வந்தவுடனே ஒரே ஒரு பொய் ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தது. கடைசியில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. ஒரு வாக்கு! நீங்கள் கட்டுரையைப் போட்ட நேரம் மின்சாரம் நின்ற நேரமா, கிரிக்கெட் நடந்த நேரமா, முதல் லைக் போடுகிற உங்கள் தோழி அன்றைக்குப் பயணத்தில் இருந்தாளா என்பதெல்லாம் கடைசி எண்ணில் இருக்கிறது.

பேசாத வாசகர் எப்போதுமே இருந்திருக்கிறார். வானொலிக்குத் தபாலட்டை போட்ட நேயர்களின் பெயர்கள் எல்லோருக்கும் மனப்பாடம், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் போட்டார்கள், மற்ற வீடுகள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. இணையத்திலும் அதே கதைதான் என்று இணையப் பயன்பாட்டை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எதையாவது சொல்வார்கள், ஒருவர்தான் ஓயாமல் சொல்வார். இது ஒரு குத்துமதிப்பு விதி, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் சொல்கிறவரை வைத்துச் சொல்லாதவரை எடைபோடக் கூடாது என்பதற்கு இது போதும்.

உணர்வின் தன்மையும் சேருகிறது. ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயோர்க் டைம்ஸின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்து, எவை அதிகம் மின்னஞ்சலில் பகிரப்படுகின்றன என்று பார்த்து 2012இல் எழுதினார்கள். பிரமிப்பு, கோபம், பதற்றம் தருகிறவை ஓடுகின்றன, கவலை தருகிறவை நின்றுவிடுகின்றன. எங்கள் கூத்துக் களரியில் விடிய விடிய இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. சிரிப்புக்காக ஒரு பாத்திரம் வந்தால் சனம் ஆரவாரிக்கும், போர்க்கோலத்தில் தாளம் ஏறினால் விசில் பறக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒப்பாரி பாடும்போது களரியைச் சுற்றி ஒரு சத்தம் இருக்காது. அந்த இடம் சரியாக வரவில்லை என்று கூத்துப் பழக்கின எந்த அண்ணாவியாரும் நினைக்கமாட்டார், சனத்தின் முகத்தையும் பாயில் எழும்பி உட்கார்ந்தவர்களையும் பார்த்து அவர் தெரிந்துகொள்வார். உங்கள் கடன் கட்டுரை அந்த ஒப்பாரி இடம். அதற்கு விசில் வராது.

தமிழில் வலைப்பதிவு கொடிகட்டிப் பறந்த காலத்தில் பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டுகிற தமிழ்மணம் திரட்டியில் வாக்குப் பட்டை ஒன்று இருந்தது, வாக்குக் கிடைத்த பதிவு முன்னுக்கு வரும். கொஞ்ச நாளில் பின்னூட்டங்களில் 'அருமையான பகிர்வு, த.ம. 3' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாவது வாக்கு நான்தான் போட்டேன், என் பதிவுக்கும் வந்து போடுங்கள் என்பதன் சுருக்கம் அது. ஒருவரை ஒருவர் உற்சாகப்படுத்தின நல்ல மனம் அதில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் அதற்குப் பிறகு பதிவின் தரத்தைச் சொல்லவில்லை, பதிவர்களின் உறவைச் சொன்னது. சார்ள்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து, இப்போது எல்லாத் துறையிலும் அவர் பெயரால் வழங்குகிறது: ஓர் அளவையே இலக்காக வைத்து ஓடத் தொடங்கினால் அது நல்ல அளவாக இருக்காது. நீங்கள் இனிப் படம் மட்டும் போடவா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. படம் போடுங்கள், நல்ல படம், சனம் சந்தோஷப்படுகிறது, ஐரோப்பாவில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு, இங்கே நள்ளிரவு நெருங்குகிற நேரத்தில், ஊர்த் தேர் கண்ணில் படுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ஆயிரத்தை வைத்துக் கட்டுரையின் தலைவிதியை எழுதாதீர்கள். அந்த ஆயிரம் பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று உங்கள் பக்கத்தின் கணக்கில் பாருங்கள். கட்டுரை பக்கத்து வீதிப் பெண்களுக்கு, லைக் பாதிக்கு மேல் சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும்.

அப்போ எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது கொமெண்டின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை. கட்டுரைக்குள் போகாதவருக்குத் தெரிந்திருக்க முடியாத ஏதாவது அதில் இருக்கிறதா? 'அருமை அக்கா', 'வாழ்த்துகள்', கும்பிடுகிற கை, இதெல்லாம் அன்பு, அன்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுடைய நாலாவது கொமெண்டைக் கேள்வியில் எடுத்துப் போட்டிருந்தீர்கள்: 'எங்கட பக்கம் கிழமைக்கு இல்ல, பதினஞ்சு நாளைக்கொருக்காத்தான் கட்டுற.' இது பாராட்டே இல்லை, பார்க்கப்போனால் திருத்தம். ஆனால் இதை எழுதினவர் கட்டுக்காசுக் கணக்கு வருகிற இடம் வரைக்கும் வாசித்திருக்கிறார், தன் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார், வித்தியாசத்தைக் கண்டு சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆயிரம் லைக்கும் இந்த ஒரு வரியும் என்றால் நான் இந்த வரியைத்தான் எடுப்பேன். நீங்கள் அதற்குப் பதில் போடவில்லை என்று தெரிகிறது. இன்றைக்கே போடுங்கள், எந்தப் பக்கம், எவ்வளவு காலமாக என்று கேளுங்கள்.

அடுத்தது உள்பெட்டி. இப்படி ஒன்று வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள்: 'அக்கா பேர் போடாதிங்க, குழுவில ஒரு ஆள் கட்டாட்டி நாங்கதான் கட்டணும் எண்டு எழுத்தில எங்கயும் இருக்கா?' நீங்கள் இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இதுதான் அந்தக் கட்டுரையின் பெறுபேறு. ஒருத்தி தான் கையெழுத்து வைத்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று முதன்முதலாகக் கேட்கிறாள். கேட்பதற்கு ஒரு பெயர் தெரிந்த ஆள் வேண்டும், அது நீங்கள் என்று நம்பியிருக்கிறாள். பதில் தெரியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வசதி குறைந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

அப்புறம் வட்ஸ்அப். எங்கள் சனம் பேஸ்புக்கில் பார்த்ததை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் போடும், குரல் பதிவாக வாசித்து அனுப்பும், தங்கச்சிக்கு இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு 'வாசி' என்று எழுதும். இதில் எதுவும் உங்கள் எண்ணில் வராது. இணைப்பைத் தட்டி உங்கள் தளத்துக்கு வந்தாலும் அவர் எங்கிருந்து வந்தார் என்று கணக்குக்குத் தெரியாது, நேராக வந்தவர் என்று போட்டுவிடும். வெளியில் கூச்சமுள்ள விஷயங்களுக்கு இந்த மறைவான வழிதான் பெருவழி. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஆட்களிடம் கேட்பது. சந்தையில், கிளினிக்கில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், 'அந்தக் கடன் விஷயம் எழுதினதப் பாத்திங்களா, எங்க பாத்திங்க' என்று கேளுங்கள். பார்த்தேன் என்று சொல்கிறவரிடம் எந்த இடம் ஞாபகம் இருக்கிறது என்றும் கேளுங்கள். சிலர் பாதியில் விட்டிருப்பார்கள், எந்த இடத்தில் விட்டார்கள் என்பது உங்களுக்கு அடுத்த கட்டுரைக்கு வேண்டிய விஷயம். வட்டி விகிதம் கணக்குப் போட்ட பந்தியில் பல பேர் விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன், அந்தப் பந்தி உண்மையிலேயே கடினம், அதை ஒரு பெண்ணின் ஒரு கடனை எடுத்து, கையில் வந்தது எவ்வளவு, கட்டி முடிக்கும்போது போனது எவ்வளவு என்று சொல்லியிருந்தால் கடந்திருப்பார்கள்.

எண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால், பாருங்கள், ஆனால் சரியான எண்ணோடு ஒப்பிடுங்கள். கட்டுரையை உங்கள் முந்தின கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். சராசரியும் போடாதீர்கள். பத்துப் பதிவில் ஒன்பதுக்கு முப்பது முப்பது, வெள்ளச் செய்தி ஒன்றுக்கு இரண்டாயிரம் என்றால் சராசரி 227 வரும், அந்த 227ஐ வெள்ளச் செய்தியைத் தவிர உங்கள் எந்தப் பதிவும் தொட்டதே இல்லை, தொடப்போவதும் இல்லை, ஆனால் அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் தோற்றதாக நினைப்பீர்கள். எண்களை வரிசையாக வைத்து நடுவில் வருவதை எடுங்கள், முப்பது. அதுதான் உங்கள் வழக்கமான அளவு. போட்ட அன்றைக்கே பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்தும் ஒரு தடவை பாருங்கள். சொந்தத் தளத்தில் போட்ட கட்டுரையைக் கூகுளில் தேடி வருகிறவர்கள் அப்போதுதான் தெரிவார்கள், கடன் கட்ட முடியாமல் இரவில் தேடிப் பார்க்கிறவர் தேர்ப் படத்தைத் தேடமாட்டார். பேஸ்புக்கில் மட்டும் போட்டால் அந்த வழி அனேகமாக அடைபட்டுவிடும், ஆகவே வேறொரு இடத்திலும் வையுங்கள். நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து எங்கள் பத்திரிகைகளையும் சிறு வெளியீடுகளையும் சேர்த்து வைக்கிறது, அங்கே எங்கோ ஒரு பழைய பிரசுரத்தைத் திறந்து வாசித்து ஆய்வு எழுதுகிற மாணவர் ஒரு லைக்கும் போடுவதில்லை.

இன்னொன்று செய்யுங்கள். அடுத்த கட்டுரையைப் போடுமுன் ஒரு தாளில், இதை வாசித்து யார் என்ன செய்தால் எனக்குப் போதும் என்று எழுதி வையுங்கள். 'இரண்டு குழு தங்கள் ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும்' என்று எழுதலாம், 'சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு தடவை பேச வேண்டும்' என்று எழுதலாம். பிறகு அதை மட்டும் தேடுங்கள். கட்டுரையின் கடைசியில் 'பெயர் சொல்லாமல் பேசலாம்' என்று ஒரு வட்ஸ்அப் எண் போடுங்கள், உங்கள் சொந்த எண் வேண்டாம், இதற்கென்று ஒரு சிம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் நீங்களே வாசித்த குரல் பதிவொன்றும் செய்யுங்கள், நீளமாக வாசிக்கச் சிரமப்படுகிற அம்மாமார் அதைக் கேட்பார்கள், அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்கலாம்.

பூஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பொத்தானை அப்படியே அமத்தி லைக், கொமெண்ட் கூட வேண்டும் என்று விட்டால், பேஸ்புக் உங்கள் கட்டுரையை லைக் போடுகிற பழக்கமுள்ளவர்களாகப் பார்த்துக் காட்டும், அவர்கள் எதற்கும் போடுவார்கள், எண் ஏறும், அந்தக் குழுப் பெண் ஒருத்திக்கும் அது போய்ச் சேராது. கையில் மிச்சக் காசு இருந்து செய்து பார்க்கத்தான் வேண்டுமென்றால், இடத்தை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் சுருக்குங்கள், பெண்கள் என்று வையுங்கள், நோக்கம் கேட்கிற இடத்தில் 'செய்தி அனுப்புதல்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள், குரல் பதிவைப் படத்தோடு சேர்த்து அதைப் போடுங்கள். லைக் அப்போதும் முப்பதுதான் வரும். உள்பெட்டியில் ஐந்து பேர் வந்தால் காசு வீண் இல்லை, வரமுன்னரே பதில் சொல்ல ஆளும் நேரமும் ஒதுக்கி வையுங்கள்.